ஒரு லட்சம் கேட்ட சுந்தராம்பாள்

1935ல் வந்த 'நந்தனார்' படத்துக்கு நாடகப் பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். சவரன் முப்பது ரூபாய்கூட விற்காத காலம். அதற்கு முன் இந்தியாவில் எந்த நடிகரும், ஆணோ பெண்ணோ, அவ்வளவு வாங்கியதில்லை என்பார்கள். அம்மாளுக்கு அப்போது வயது 26, 27 இருக்கும்.

இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கணவர் கிட்டப்பா இறந்துபோன துக்கத்தில் இருந்தவரைத் தயாரிப்பாளர் அசன்தாஸ் விடாமல் நச்சரித்தாராம். ஆளைக் கழற்றிவிடுவதற்காக இவர் ஒரு லட்சம் என்றாராம். அவரும் தலையாட்டிவிட்டாராம். ஆக, விளையாட்டாகக் கேட்டது, அதிர்ஷ்டத்தில் கிடைத்தது! எனக்கு இதில் எப்போதுமே ஒரு நெருடல். சின்ன வயதிலிருந்தே நாடக கான்ட்ராக்டர்களையும் வசூலையும் பார்த்து வளர்ந்தவருக்குத் தன் பெயருக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று தெரியாதா? இதையே ஒரு ஆண் கேட்டிருந்தால் 'தன் மதிப்பு தெரிந்தவர்' என்று பாராட்டியிருப்போம். பெண் கேட்டால் தட்டிக்கழிக்கக் கேட்டது ஆகிவிடுகிறது.

அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் அந்த லட்சத்தின் கனம் புரியும். 1908ல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். அப்பா இல்லாத வீடு, சோற்றுக்கே திண்டாட்டம், ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. அப்படிப் பாடும்போது ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி.நடேச ஐயர் காதில் அந்தக் குரல் விழுந்தது. அவர் மூலம் வேலு நாயர் நாடகக் கம்பெனி. அப்புறம் ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் நாடகம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த அம்மாளின் தெம்பு பிடிபடாது. அதில் நடிகர்களைத் தனித்தனியாகத்தான் பேசிக் கூட்டி வருவார்கள். ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடக்காரர், ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகி வேடமான ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. கதை 'வள்ளி திருமணம்' என்றால் இருவருக்கும் கதை தெரியும், பாட்டு தெரியும், அவ்வளவுதான். மீதியெல்லாம் மேடையில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள வேண்டியது. அவர் ஒரு பாட்டை எடுத்துவிட்டால் இவர் பதில் பாட்டு போட வேண்டும், அவர் மடக்கினால் இவர் தர்க்கத்தில் திருப்பி மடக்க வேண்டும். சறுக்கினால் ஜனங்கள் அங்கேயே கூச்சல் போடுவார்கள். மைக் இல்லை. விடிய விடிய நடக்கும் நாடகத்தில், கடைசியில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். கொழும்பில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு வள்ளியாக நின்று பாடினார் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர் என்று அர்த்தம். கிட்டப்பா சாதாரணப்பட்ட ஆளா? அவர் உச்சஸ்தாயிக்குப் போனால் எதிரே நிற்பவர் காணாமல் போக வேண்டியதுதான். இவர் போகவில்லை.

காதல், கல்யாணம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கிட்டப்பா செங்கோட்டை ஐயர், ஏற்கெனவே மணமானவர். இவரையும் 1927ல் மணந்தார். நிம்மதியான வாழ்க்கை என்று சொல்ல முடியாது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. அதில் கெஞ்சலும் உண்டு, கோபமும் உண்டு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது, இவருக்கு 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவைதான் கடைசி வரை. ஆண் நடிகர்களுடன் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

நம் ஆட்கள் உடனே 'பத்தினித் தெய்வம்' என்று கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். துக்கம் உண்மைதான், யார் மறுத்தது? ஆனால் அந்த முடிவுக்கு அப்புறம் அவர் வீட்டுக்குள் முடங்கவில்லையே! ஜோடி சேர மாட்டேன் என்றவர், தானே ராஜபார்ட் ஆகிவிட்டார். நந்தனார் யார்? பண்ணையாள், ஆண். படத்தில் வேதியர் வேடத்தில் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், நந்தன் வேடத்தில் இந்த அம்மாள். நாடக நடிகை என்றாலே யாரும் வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்றிருந்த அந்தக் காலத்தில், அந்த வெள்ளைப் புடவை அவருக்கு ஒரு வேலியாகவும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வேலிக்குள் நின்றுகொண்டு எந்தப் படம், எந்த வேடம், என்ன சம்பளம் என்று அவரே தீர்மானித்தார்.

அரசியலிலும் அப்படித்தான். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலில் கட்சி மேடைகளில் பாடினார். 'காந்தியோ பரம ஏழை சந்நியாசி' இசைத்தட்டு ஊர் ஊராகப் போனது. (தங்கத்தட்டில் காந்திக்குச் சாப்பாடு போட்ட கதை வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வருகிறது, விடுங்கள்.) 1951ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாக்காரர்கள் கோட்டைக்குப் போன வரலாறு பேசும்போது இவர் பெயரை எத்தனை பேர் முதலில் சொல்கிறோம்?

பிறகு 1953. ஜெமினி வாசனின் 'ஔவையார்', இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. படம் வந்தபோது அம்மாளுக்கு 45 முடியவில்லை. அத்தோடு அவரைக் கிழவியாக்கி வைத்தவர்கள் நாம். இன்றைக்கு 45 வயதில் ஹீரோக்கள் காலேஜ் மாணவனாக வருகிறார்கள், அதைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள் என்ற துறவியாக நடிக்கும்போது தெய்வத்தைக் கேள்வி கேட்கும் ஒரு வரியைப் பாட மாட்டேன் என்று மறுத்து, அதை மாற்ற வைத்ததாகச் சொல்வார்கள். வசனம் கலைஞர்! அவர் படத்திலேயே இந்த வீம்பு.

'திருவிளையாடல்' பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'பழம் நீயப்பா' எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னால் 'ஞானப்பழத்தைப் பிழிந்து' என்று ஒரு விருத்தம் வருமே, அதைத் தனியாகக் கேளுங்கள். அது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளுடையது, நாடக மேடைச் சரக்கு. அம்மாள் அதை சினிமாவுக்காகக் கொஞ்சம்கூட மெல்லியதாக்கவில்லை. சொல்லை உடைக்காமல், 'ழ'கரம் மழுங்காமல், மூச்சு எங்கே வாங்கினார் என்றே தெரியாமல் மேலே ஏறுகிறார். எதிரே மைக் இருப்பதையே மதிக்காத குரல். படம் வந்தது 1965ல், வயது 56.

நாலு வருஷம் கழித்து 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. முந்தின ஆண்டு அதை வாங்கியவர் பி.சுசீலா. 1970ல் பத்மஸ்ரீ. 1980ல் காலமானார். டிவி பாட்டுப் போட்டிக்காரர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: சுந்தராம்பாள் பாட்டு என்றதும் எட்டு வயதுக் குழந்தைக்கு நரைமுடி ஒட்டிக் கையில் கோல் கொடுப்பதை ஒரு சீசனுக்காவது நிறுத்துங்கள். நந்தன் வேடம் போட்டு, நந்தனார் கீர்த்தனை ஒன்றைப் பாட விடுங்கள், பார்ப்போம்.