அந்த அக்கா அழுதுவிட்டுப் போகட்டும், விடுங்கள்

நம் சபையில் ஒரு அக்கா மைக்குக்கு முன்னால் ஸ்தோத்திரம் சொல்கிற அந்த வீடியோவை நேற்று ராத்திரியிலிருந்து பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். எனக்கு அனுப்பத் தேவையே இல்லை, நான் அன்றைக்கு மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். "விசுவாச வீராங்கனை" என்று தலைப்பு, பின்னால் கீபோர்டு மியூசிக், கீழே வரிசையாக ஆமென், ஆமென், ஆமென்.

வீடியோவில் வராததைச் சொல்கிறேன். கணவரை அடக்கம்பண்ணி இருபத்துமூன்று நாள் ஆன ஒரு பெண், ஆண்டவர் செய்ததைச் சபைக்கு முன்னால் சொல்கிற சாட்சி நேரத்தில் யாரும் கூப்பிடாமல் தானாக எழுந்து ஒரு பாட்டை ஆரம்பித்தார். இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்தது. உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அங்கேயே விட்டிருக்கலாம். நம்மாள் மைக்கோடு போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அழக்கூடாது, சத்துருவுக்கு இடங்கொடுக்கக்கூடாது, எங்கே, பத்து தடவை ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். ஏழு வரைக்கும் எண்ணினேன். அதற்கப்புறம் நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் வீடியோ தொடங்குவதே மூன்றாவது ஸ்தோத்திரத்திலிருந்துதான். முன்னால் உள்ளதை யாரோ பக்குவமாக வெட்டிவிட்டார்கள்.

துதி அவரவர் வாயிலிருந்து வரவேண்டியது. அடுத்தவர் வாயில் திணிக்கிற பண்டமா அது? இந்த ஒன்றைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் எத்தனை வசனம் எடுத்துப் போட்டாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பேன்.

பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவைச் சொல்வீர்கள், தெரியும். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." நம் ஊரில் இந்த வசனம் வாசிக்காத அடக்க ஆராதனை கிடையாது. அது யோபு 1:21. அதற்கு முந்தின வசனத்தை என்றைக்காவது சத்தமாக வாசித்திருக்கிறோமா? சால்வையைக் கிழித்தான், தலையைச் சிரைத்தான், தரையில் விழுந்தான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த ஸ்தோத்திரம். அதோடு முடிந்ததா? மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். பார்க்க வந்த சிநேகிதர்கள் மூன்று பேரும் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து புத்தி சொல்ல ஆரம்பித்ததும்தான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வந்தது, புலம்பின யோபு மேல் இல்லை, அந்தப் புத்திமான்கள் மேல்.

"பவுலும் சீலாவும் சிறையில் பாடவில்லையா?" என்று ஒரு அண்ணாச்சி இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். பாடினார்கள். அடி வாங்கின முதுகோடு, கால் தொழுமரக் கட்டையில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடினார்கள். அவர்களாகப் பாடினார்கள் அண்ணாச்சி. பிலிப்பி சபையிலிருந்து ஒருத்தர் மைக்கோடு உள்ளே போய் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

இன்னொருவர் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதின வசனத்தை அனுப்பியிருக்கிறார். "எல்லாவற்றிலேயும்" என்றால் எந்த நிலைமையிலும் என்று அர்த்தம், செத்ததற்காக ஸ்தோத்திரம் சொல் என்று இல்லை. உடனே எபேசியர் 5:20-ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், அதில் "எல்லாவற்றிற்காகவும்" என்றே இருக்கிறது. வாருங்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அதை எழுதின பவுலே ரோமருக்கு "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றும் எழுதினார், அதை மட்டும் ஏன் ஒருத்தரும் எனக்கு அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள்?

கஷ்டத்தில் தேவனைத் துதிப்பதையே நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்குப் பக்கமாக மழை கொட்டின அந்த வெள்ளம். அம்மா ஏரலில் தனியாக இருந்தாள். தாமிரபரணி ஊருக்குள் வந்து, பாலம் போய், கரண்டும் போனும் இல்லாமல், நாலு நாள் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியாது. அடுத்த வீட்டு மாடியில் ஆறு குடும்பத்தோடு இருந்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் முழங்காலுக்குச் சேறு. பீரோ குப்புறக் கிடந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சிரட்டையால் சேற்றை வழித்து வாளியில் போட்டுக்கொண்டே ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நின்றுவிட்டது. பார்த்தால், கையில் அப்பா போட்டோ. தண்ணீரில் சாயம் ஓடி, முகம் இருந்த இடத்தில் வெறும் பழுப்பு. வேறு போட்டோ அப்பாவுக்கு இல்லை. சேற்றிலேயே உட்கார்ந்து, "ஏன் ஆண்டவரே, இதையுமா" என்று கத்தி அழுதாள். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு என்ன இருக்கிறது? கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, போட்டோவை ஜன்னல் கம்பியில் சொருகிவிட்டு, சிரட்டையை எடுத்தாள். பாட்டை விட்ட அடியிலிருந்தே பிடித்தாள்.

அந்த வருஷம் ஜனவரி 1-க்கு அவள் எடுத்திருந்த, வருஷத்துக்கான வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை சமையல்கட்டுக் கதவில் உயரத்தில் ஒட்டியிருந்ததால் தப்பித்துவிட்டது. ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." எனக்கு எரிச்சலாக வந்தது. "புரளுவதில்லைன்னு போட்டிருக்கு, வீட்டைப் பாரு" என்றேன். "வீட்டு மேலதானல புரண்டுச்சு, நான் மாடியிலல்லா இருந்தேன்" என்றாள்.

அம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் நான் "அழாத, ஸ்தோத்திரம் சொல்லு" என்று ஆரம்பித்திருந்தால் சிரட்டை என் மண்டையில்தான் விழுந்திருக்கும்.

"நீ யார் இதையெல்லாம் பேச, கொயரில் நிற்பதோடு உன் ஊழியம் முடிந்தது" என்று ஒரு கமென்ட். சரிதான். இருபத்திரண்டு வருஷம் அங்கேதான் நிற்கிறேன். அங்கே நின்றதால்தான் ஒன்று தெரியும்: 88-ஆம் சங்கீதம். ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் புலம்பல். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும், இதில் இருட்டிலேயே முடிகிறது. அதன் தலைப்பைப் பாருங்கள், ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரருடைய பாட்டு, இராகத்தலைவனுக்குக் கொடுத்தது. கொயரில் பாடுவதற்கென்றே கொடுத்த பாட்டு! இன்றுவரை எந்த வாக்குத்தத்த அட்டையிலும் அதை நான் பார்த்ததில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தைக்கு வருஷம் தவறாமல் ஒருவரைப் பிரசங்கம் பண்ண வைக்கிறோம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அதற்கு மட்டும் உருகுவோம். அதையே பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் தன் பாஷையில் கேட்டால் சத்துருவுக்கு இடங்கொடுக்கிறாள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று என் மனைவி காலையில் கேட்டாள். அவளுக்குத் தெரியும். உங்களில் சிலருக்கும் தெரியும்.

என் தம்பிக்கு மூன்று வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஒருநாள் ரிப்போர்ட்டில், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஜெபக்குழுவிலிருந்து ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சாட்சி சொல்லுங்க, அறிக்கை பண்ணினாத்தான் அற்புதம் நிலைக்கும்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த ரத்தத்தில் அது இறங்கத்தான் செய்யும், அடுத்த தடவைக்குள் மறுபடியும் ஏறிவிடும். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே மைக்கைப் பிடித்து, ஆண்டவர் என் தம்பிக்குச் சுகம் தந்துவிட்டார் என்று சொன்னேன். கைதட்டினார்கள். தம்பி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆட்டோவில் திரும்பும்போது, "நாளைக்கழிச்சு மறுபடி மெஷின்ல போய்ப் படுக்கணுமே அண்ணே, அதுக்கு யாரு சாட்சி சொல்லுவா?" என்றான். கோபமாகக்கூட இல்லை, சும்மா கேட்டான்.

ஏழு மாதத்தில் போய்விட்டான். விசுவாசம் பத்தவில்லை என்று என் காதுபடவே பேசினார்கள். அந்தச் சாட்சியைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அவன் கடைசிக் காலத்தில் அவனை அழவிடாமல் பண்ணினவர்களில் நானும் ஒருத்தன். ஆக, நான் யார் இதைப் பேச என்று கேட்டால், அந்த மைக்கைப் பிடித்தவன்தான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எனக்குப் பாட்டு வரவில்லை. கொயரில் நின்று வாயை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் நிற்கிற டெனர் அண்ணாச்சிக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை, என் தோளை ஒட்டி நிற்கிறவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பங்கையும் சேர்த்துக் கொஞ்சம் சத்தமாகப் பாடினார், அவ்வளவுதான். எட்டாவது மாதம் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, பண்டிகையும் இல்லை ஒன்றும் இல்லை, ஏதோ ஒரு பாட்டின் நடுவில் என் குரல் எனக்கே கேட்டது. அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை, தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

அந்த அக்கா இந்த ஞாயிற்றுக்கிழமை வருவாரோ மாட்டாரோ, தெரியாது. வந்தால் மைக்கோடு யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள். அவர் விட்ட இரண்டாம் சரணத்தை நாம் பாடிக்கொண்டிருப்போம், சேர்ந்துகொள்வதும் கொள்ளாததும் அவர் இஷ்டம்.

வீடியோவை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பேரைச் சொல்லவில்லை. தம்பி, இன்றைக்கு ராத்திரிக்குள் அதை எடுத்துவிடு.