வெரைட்டி ஹாலில் ஓடிய இன்ஜின்

கோயமுத்தூரில் டிலைட் தியேட்டரை இடித்தபோது என் வாட்ஸப் முழுக்க ஒரே படம்தான். பாதி இடிந்த சுவர், கீழே "தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் இனி இல்லை" என்று ஒரு வரி. நானும் நாலு குழுவுக்கு அனுப்பினேன், கூடவே ஓர் அழுகிற பொம்மை. அந்தத் தியேட்டருக்குள் நான் கடைசியாகக் கால் வைத்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் அந்த 'முதல்' பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-லேயே எலக்ட்ரிக் தியேட்டர் வந்துவிட்டது. அதன் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் நிலையத்தில் தபால்தலை விற்கும் இடமாக இருக்கிறது. நம்ம வெரைட்டி ஹால், அதாவது பின்னால் டிலைட் ஆன அதே தியேட்டர், 1914. இதற்காகச் சென்னை நண்பர்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றவன் நான். இப்போது விட்டுவிட்டேன். ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன குறைந்துவிடும்? கட்டினவர் கதை அதைவிடப் பெரிசு.

சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூர்க்காரர். 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியர். ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு முடியாமல் நாடு திரும்பக் கிளம்பியபோது, அவருடைய புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் வாங்கிக்கொண்டார். விலை 2,250 ரூபாய். அப்போது அவருக்கு மாதச் சம்பளம் 25 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏழரை வருடம். ஏழரை என்றாலே நம் ஆட்களுக்கு நடுங்கும். அவர் கிறிஸ்தவர், பயப்படவில்லை போல. வேலையை விட்டுவிட்டு, டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு, இயேசுவின் வாழ்க்கைப் படத்தை வைத்தே திருச்சியில் தொடங்கி வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போய்க் காட்டியிருக்கிறார். அலைந்து முடித்து ஊர் திரும்பிய பிறகுதான், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இந்தக் கொட்டகை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் படமே இல்லை. இன்ஜின். ஊருக்குப் பொது மின்சாரம் வராத காலம் அது. படம் காட்ட வேண்டுமானால் கரண்டை அவரேதான் உண்டாக்க வேண்டும். ஆயில் இன்ஜின் வைத்து உண்டாக்கினார். ராத்திரி ரெண்டு ஆட்டம் முடிந்தால் பகலெல்லாம் இன்ஜின் சும்மா கிடக்குமே? அச்சகம் போட்டார், அரிசி மில் போட்டார், எல்லாம் அதே கரண்டில். இதுதான் அசல் கோயமுத்தூர் புத்தி. ஒரு மோட்டார் கையில் கிடைத்தால் அதில் இன்னும் எதை ஓட்டலாம் என்று யோசிக்கிற புத்தி. இங்கே சினிமாவைக் கலையாக யாரும் கொண்டுவரவில்லை, மெஷினாகத்தான் கொண்டுவந்தார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அதனால்தான் இந்த ஊர் தியேட்டர்களின் கதையை மில்களின் கதையிலிருந்து பிரிக்க முடியாது என்கிறேன். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லோடு ஆரம்பித்தது நம்ம பஞ்சு ராஜ்யம். ஆனால் மில்கள் மளமளவென்று முளைத்தது 1930-களில், நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகு. பேசும் படம் வந்ததும் அதே சமயம்தான். வின்சென்ட் சும்மா இருப்பாரா? 1933-ல் கல்கத்தா கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டி.பி. ராஜலட்சுமியை வைத்து 'வள்ளி திருமணம்' எடுத்தார். சில வருடத்தில் இங்கேயே சென்ட்ரல் ஸ்டுடியோ, அப்புறம் பட்சிராஜா. ஸ்டுடியோவுக்கும் தறிக்கும் ஒரே கம்பியில் கரண்ட். வாரக்கூலி வாங்கின கை டிக்கெட் கவுன்டருக்குள் நீண்டது.

எங்கள் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். அவருக்கு நாள் கிழமை எல்லாம் கிடையாது. பகல் ஷிப்ட் வாரம், அரை நைட் வாரம், ஃபுல் நைட் வாரம், அவ்வளவுதான். பகல் ஷிப்ட் வாரத்தில்தான் எங்களுக்கு சினிமா. சங்கு ஊதி, வீட்டுக்கு வந்து, தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டிக் குளித்துவிட்டு, "கெளம்புங்க கண்ணு" என்பார். எங்கே போனாலும் முக்கால்வாசி நேரம் எழுத்துப் போடும் வரைதான் முழித்திருப்பார். இடைவேளையில் எழுந்து முறுக்கு வாங்கித் தருவார், மறுபடி தூக்கம். அம்மா ஒருநாள் கேட்டாள், தூங்கறதுக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்து காசு கொடுக்கறீங்க என்று. "இங்க தூங்கினாத்தான் மெஷின் சத்தம் கேக்கறதில்ல" என்றார். சத்தமில்லாமல் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். திரையில் வாள் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

தொண்ணூறுகளில் மில்கள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்த ஆரம்பித்தன. அப்பாவின் மில்லும். அவருக்குப் பிறகு டிலைட்டுக்குப் போகக் காரணமே இல்லாமல் போனது. கடைசியாக நான் போனபோது பழைய எம்.ஜி.ஆர். படம், மொத்தம் முப்பது பேர் இருந்திருப்போம். அதில் பாதிப் பேர் அப்பா மாதிரியே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இடித்ததற்கு உரிமையாளரைத் திட்டிப் பதிவு போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டவுன்ஹால் பக்கம் இடம் என்ன விலை என்று தெரியும்தானே? முப்பது பேருக்குப் படம் ஓட்டி யார் சமாளிப்பார்கள்? காப்பாற்றியே ஆக வேண்டிய கட்டடம் என்றால் அரசாங்கமோ மாநகராட்சியோ காசு கொடுத்து எடுத்திருக்க வேண்டும். ஊரில் பணத்துக்கா பஞ்சம்? பழைய காருக்கு மியூசியம் இருக்கிறது, நானே போய் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். லட்சுமி மில் வளாகத்தில் செங்கல் மாறாமல் காபிக்கடை வைத்திருக்கிறோம். ஆனால் மில்லுக்குள் வேலை செய்தவன் சாயங்காலம் எங்கே போய் உட்கார்ந்தான் என்பதற்கு இந்த ஊரில் ஒரு பலகைகூட இல்லை. அந்த வீதியில் ஒரு பலகை வைக்க எத்தனை ஆயிரம் ஆகிவிடும்? வின்சென்ட் பெயர், 1914, அந்த ஆயில் இன்ஜின். மூன்று வரி போதும். 'முதல்' என்ற சொல்லைச் சேர்த்தாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஒன்று மட்டும் தப்பித்திருக்கிறது. தியேட்டர் பெயர் டிலைட் ஆன பிறகும் வீதி வெரைட்டி ஹால் ரோடாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். போன மாதம் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆட்டோ பிடித்தேன். "வெரைட்டி ஹால் போகணுங்க" என்றேன். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"என்ன கேசுங்க?"