விசிலுக்குப் பதில் ஒரு துவாய்

அக்காவின் மகனுக்கு 13 வயது, காது கேட்காது. போன வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓடினான். விசில் ஊதுகிறவர் பின்னால் நின்றார். இவன் குனிந்தபடியே கழுத்தைத் திருப்பி, பக்கத்துப் பொடியனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கால் எழும்பிய பிறகுதான் இவன் எழும்பினான். கடைசி. பிறகு மேடைக்குக் கூப்பிட்டு விசேட பரிசு என்று ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். "தன்னம்பிக்கையை விடக்கூடாது மகன்" என்றார் பிரதம அதிதி. ஒலிவாங்கியில்! அந்தக் கிண்ணம் அலுமாரிக்கு மேலே பொலித்தீன் கழற்றாமலே கிடக்கிறது.

அவனுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று யார் சொன்னது? ஓட்டம் தொடங்கியதே அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காது கேளாதவர்களுக்கு பராலிம்பிக்கில் தனிப் போட்டி கிடையாது. அவர்களுக்கென்று டெஃப்லிம்பிக்ஸ் இருக்கிறது. 1924இல் பாரிஸில் தொடங்கியது, பராலிம்பிக்கைவிட 36 வருடம் மூத்தது. கடைசியாக 2025இல் டோக்கியோவில் நடந்தது. அங்கே ஓடுகிறவனுக்கு முன்னால் விளக்கு எரியும், பச்சை வந்தால் பாய வேண்டியதுதான். காது மெஷினைப் போட்டியின்போது எல்லாரும் கழற்றிவிட வேண்டும். கேளாமை ஒரு அளவுக்கு மேல் இருந்தால்தான் சேரலாம், ஆனால் சேர்ந்த பிறகு யாருக்கு எவ்வளவு கேட்கும் என்று பிரிப்பதில்லை. இன்னொன்று: தென்னாபிரிக்க நீச்சல்காரர் டெரன்ஸ் பார்க்கினுக்குக் காது கேட்காது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் விளக்கைப் பார்த்துப் பாய்ந்து, 200 மீற்றரில் வெள்ளி எடுத்தார். கேட்கிறவர்களோடு நீந்தித்தான்.

விளக்குக்கு நம்மிடம் காசில்லை, சரி. ஒரு கொடிக்குமா இல்லை?

இப்போது பின்னேரங்களில் கல்லடிக் கடற்கரையில் பொடியன்களோடு ஓடுகிறான். நான் முன்னுக்கு நின்று என் சிவப்புத் துவாயைத் தூக்கிப் பிடிப்பேன், கீழே விட்டால் ஓட்டம். முதல் இரண்டு நாளும் பழக்கதோஷத்தில் பக்கத்துக் காலைத்தான் பார்த்தான். மூன்றாம் நாள் கழுத்து நேரானது. (துவாய் இப்போது வீட்டில் குளிக்க உதவாது, முழுக்க மண். அக்காவிடம் ஏச்சு எனக்கு.)

நேற்று மூன்றாவதாக வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. முதலாவது வந்தவனை இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தி, துவாயைக் காட்டி, அவன் காலைக் காட்டி, முதலே பாய்ந்துவிட்டான் என்று கையாலேயே சண்டை பிடித்தான். மறுபடி ஓட வைக்கும்வரை விடவில்லை. அதிலும் மூன்றாவதுதான்.