வாய் திறந்து கேட்க முடியாதவரை எப்படி வைத்திருக்கிறார்கள்?

பெற்றோரையோ வாழ்க்கைத் துணையையோ பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இரவும் பகலும் பக்கத்தில் ஆள் தேவைப்படும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை எத்தனையோ குடும்பங்களுக்கு வருகிறது. அப்படி முடிவெடுத்தவர்களைக் குறை பேசுவதைவிட, எந்த இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவர்களுக்குக் கை கொடுப்பதே உருப்படியான காரியம். என் வருத்தமெல்லாம், அந்தத் தேர்வைப் பலரும் சுற்றுலாவுக்கு விடுதி பிடிப்பதைப்போலச் செய்கிறார்கள் என்பதுதான்.

வரவேற்பறையின் பளபளப்பும், தோட்டமும், சுவரில் மாட்டிய பெரிய தொலைக்காட்சியும் சேர்த்துவிட்டுத் திரும்பும் நமக்கு நிம்மதி தருகின்றனவே தவிர, அங்கே படுத்திருக்கப் போகிறவருக்கு அவற்றால் ஆவது மிகக் குறைவு. அங்கிருப்பவர்களிலேயே மிகவும் முடியாமல் இருப்பவரை, அதாவது தானாகப் புரண்டு படுக்கவும் வாய் திறந்து குறை சொல்லவும் இயலாதவரை, எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஓர் இல்லத்தின் தரத்தைக் காட்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தெளிவாகப் பேசக்கூடியவர் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்க முடியாதவருக்கு என்ன கிடைக்கிறதோ அதுவே அந்த இல்லம் தானாக மனம் வந்து தருவது. இன்று நடந்து உள்ளே போகும் நம்மவரும் நாளை அந்த நிலைக்கு வரக்கூடும்.

ஆகவே, முதலில் படுக்கைப் புண்ணைப் பற்றிக் கேளுங்கள். ஒரே நிலையில் படுத்திருப்பவரின் உடல் எடை முழுவதும் எலும்பு துருத்தும் இடங்களில் அழுந்தி, அங்கே இரத்த ஓட்டம் தடைப்படுவதால்தான் அந்தப் புண் வருகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகியவையே அதிகம் பாதிக்கப்படும் இடங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் முதல் கட்டம், கருத்த தோலில் அந்தச் சிவப்பும் எளிதில் தெரியாது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பார்கள். அதைக் குறித்துவைக்கும் அட்டவணை இருக்கிறதா என்று கேட்கலாம். நாள் முழுவதற்குமான கட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பப்பட்டிருந்தால் அது எப்போது எழுதப்பட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘எங்களிடம் யாருக்கும் புண்ணே வந்ததில்லை’ என்று அடித்துச் சொல்லும் நிர்வாகியைவிட, ‘ஒருவருக்கு இருக்கிறது, மருத்துவமனையிலிருந்து வரும்போதே இருந்தது, இப்படித்தான் மருந்திடுகிறோம்’ என்று சொல்லும் செவிலியரை நான் நம்புவேன்.

அடுத்து, சாப்பாட்டு நேரத்தில் அங்கே இருக்க அனுமதி கேளுங்கள். உணவுப் பட்டியலைப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை, ஊட்டும் கையைப் பார்க்க வேண்டும். உதவியாளர் நின்றபடியே, வாயிலிருக்கும் கவளம் இறங்குவதற்கு முன் அடுத்த கரண்டியை உதட்டருகே நீட்டிக்கொண்டு, கண்ணை வேறெங்கோ வைத்திருக்கிறாரா? அல்லது எதிரே உட்கார்ந்து, விழுங்கியதைத் தொண்டையின் அசைவில் கவனித்துவிட்டு அடுத்ததைத் தருகிறாரா? விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரலாம் என்பதால், நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுவதும் சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது படுக்க விடாமல் இருப்பதும் அவசியம். முதுமையில் தாக உணர்வே மங்கிவிடுவதால், தண்ணீர்க் குவளை கைக்கு எட்டாத மேசையில் மூடியபடி இருந்தால் அது வெறும் அலங்காரம். மாதந்தோறும் எடை பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் மருத்துவர் காரணம் தேட வேண்டும்.

‘எத்தனை ஊழியர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் சமையல்காரர், காவலாளி, ஓட்டுநர் எல்லோரையும் சேர்த்து ஓர் எண்ணிக்கை வரும். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஆள் பற்றாக்குறை முதலில் தெரிவது கழிவறை விஷயத்தில்தான்: கையைப் பிடித்து அழைத்துப் போனால் நடந்து போகக்கூடியவருக்கும் டயப்பரைக் கட்டிவிடுவார்கள்; அந்த நடையும் அடக்கும் பழக்கமும் ஒருமுறை போய்விட்டால் திரும்ப வருவது கடினம். சிறுநீர் நாற்றத்தைப் போலவே, எந்நேரமும் மூக்கைத் துளைக்கும் ஃபினாயில் வாடையையும் நான் சந்தேகிப்பேன். உதவியாளர்களிடம் தனியே நாலு வார்த்தை பேசி, எவ்வளவு காலமாக வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லோருமே புதியவர்கள் என்றால் உங்களவரின் பழக்கவழக்கங்களை நினைவில் வைத்திருக்க அங்கே ஆள் இருக்காது.

மறதி நோய் உள்ளவரைச் சேர்ப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் எல்லோரும் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தால் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மருந்து தந்த மயக்கமாகவும் இருக்கலாம். கடுமையான மனநோய்க்குத் தரப்படும் ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் புதிய வகை மருந்துகளுக்கும், 2008-இல் பழைய வகைகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. தவிர்க்க முடியாமல் அவை தேவைப்படும் நோயாளிகளும் உண்டு. ஆனால் யார் எழுதிக் கொடுத்தது, எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தாக வேண்டும். நேற்றுவரை சாதுவாக இருந்தவர் திடீரெனக் குழம்பிக் கூச்சலிட்டால் அது சிறுநீர்த் தொற்றாகவோ மலச்சிக்கலாகவோ வலியாகவோ கூட இருக்கலாம். அதைத் தேடாமல் தூங்க வைப்பது சிகிச்சை ஆகாது.

கட்டண விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்: எவையெல்லாம் தனிக் கணக்கு, மருத்துவமனைக்குப் போனால் கூட வருவது யார், இடையில் விலகினாலோ இறந்துவிட்டாலோ முன்பணம் என்ன ஆகும்.

சேர்த்த பிறகு எப்போதும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் போகாதீர்கள். போனதும் பழங்களை மேசையில் வைத்துவிட்டு நலம் விசாரிப்பதோடு நிற்காமல், போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். சிவந்திருந்தால் சத்தம் போடாமல் பொறுப்புச் செவிலியரை அழைத்துக் காட்டி, நாளும் நேரமும் போட்டுப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுநாளும் போய் அதே இடத்தைப் பாருங்கள்.