கிளினிக் பதிவுகள் எங்கே இருக்கின்றன?
கிளினிக் மென்பொருளை ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனுடன் (மருத்துவப் பதிவுகளை டிஜிட்டல் முறையில் இணைக்கும் மத்திய அரசுத் திட்டம்) இணைத்த மறுநொடியே நோயாளிகளின் எல்லாப் பதிவுகளும் மத்திய அரசின் சர்வரில் குவிந்துவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அப்படி நடப்பதில்லை. மருந்துச்சீட்டும் லேப் ரிப்போர்ட்டும் கிளினிக்கின் கணினியிலோ, அது வாடகைக்கு எடுத்த சர்வரிலோதான் இருக்கின்றன. நோயாளிக்கு இந்த மிஷன் தரும் சுகாதார அடையாள எண்ணான ஆபா எண்ணோடு சேர்வது, இன்ன இடத்தில் இப்படி ஒரு பதிவு உண்டு என்ற சுட்டி மட்டுமே. வேறொரு மருத்துவமனை கேட்டால், நோயாளி ஒப்புதல் தந்த பிறகு, அந்தப் பதிவு மறையாக்கம் செய்யப்பட்டு கிளினிக்கிலிருந்து போகிறது. (ஆபா எண் எடுக்கும்போது தரும் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மையத்தில் இருப்பது உண்மைதான், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.)

ஆபா செயலியில் ஒப்புதல் பகுதியைத் திறந்து பாருங்கள். யாராவது கேட்டிருந்தால், அவர் யார், எதற்காக, எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, ஒப்புதல் எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மறுக்கலாம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் செய்யலாம். விதிமுறையைப் படிக்க விரும்புபவர்களுக்கு, 2020 டிசம்பரில் வெளியான சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கை மிஷனின் தளத்திலேயே கிடைக்கிறது.