பிளான் போடுறதுக்கு முன்னாடி கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆகஸ்ட் 15 கிராம சபையில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லார் வாட்ஸ்அப்பிலும் ஒரு சுற்று சுற்றி முடித்துவிட்டது. புது நடுநிலைப் பள்ளிக் கட்டடத்தைப் பற்றி அந்த அக்கா எழுந்து கேட்டதும், பின்னாலிருந்து ஒருவர் "ஏம்மா, உன் வூட்டுக்கா கட்றாங்க?" என்றதும், கூட்டமே சிரித்ததும் பார்த்திருப்பீர்கள். மேலே உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் இன்னும் செரிக்கவில்லை.

அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டார்? "பொம்பளப் புள்ளைங்க கக்கூசுக்குத் தண்ணி எங்கேர்ந்து சார் வரும்?" இவ்வளவுதான். ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பெண் பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கு இதைவிட முக்கியமான கேள்வி என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவும் அவர் வழியோடு போனவர் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அவர்கள் வேலை என்கிறது சட்டம். நோட்டில் கையெழுத்து வாங்கும்போது "மெம்பர், இங்க போடுங்க". கேள்வி கேட்டால் "ஏம்மா".

நான் சொல்வது ஒன்றே ஒன்று. பிளான் போடுவதற்கு முன்னாடி, அந்தக் கட்டடத்தில் நாள் முழுக்க இருக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். டீச்சர்களை, சத்துணவு சமைக்கிறவரை, பெருக்குகிற ஆயாவை, எட்டாவது படிக்கிற பிள்ளையை. பூமி பூஜை போட்ட பிறகு கூட்டம் கூட்டி பிளான் பேப்பரைச் சுவரில் ஒட்டுவதற்குப் பெயர் கேட்பது இல்லை.

அந்தப் பேப்பரை நான் நின்று பார்த்தேன். கம்பி கட்டுகிற வேலையில் ஆரம்பித்து இப்போது ஓசூரில் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன், டிராயிங் படிக்கத் தெரியும். ரோடு நமக்கு மேற்கே. கட்டடத்தின் நீளமான பக்கத்தை அப்படியே ரோட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆறு வகுப்பறையின் ஜன்னலும் மேற்கே. வராண்டா பின்பக்கம் கிழக்கே. ஏன்? ரோட்டில் நின்று போட்டோ எடுத்தால் எலிவேஷன், அதாவது கட்டடத்தின் முகப்பு, முழுசாகத் தெரியும். சன்ஷேடு ஒன்றரை அடிதான். மதியம் மூன்று மணி வெயில் சாய்ந்து வரும், அந்த ஒன்றரை அடிக்குக் கீழே நேராக உள்ளே நுழைந்து பிள்ளைகள் முகத்தில் அடிக்கும், போர்டும் கண்ணைக் கூசும். ஏப்ரல் மாதத் தர்மபுரி வெயில் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கட்டடத்தைத் திருப்பி, நீளப் பக்கத்தை வடக்கு தெற்காகப் பார்க்க வைத்தால் போதும். இடம் தாராளமாக இருக்கிறது. செங்கல் ஒன்றுகூட அதிகமாகாது, சிமெண்ட் ஒரு மூட்டைகூட அதிகமாகாது. நான்காவது எடுக்கும் டீச்சரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார், பழைய கட்டடத்தில் மதியத்துக்கு மேல் எந்தப் பக்கம் பிள்ளைகளை உட்கார வைப்பார் என்று.

பழைய கட்டடம் சீமை ஓடு போட்டது, உயரமான சுவர், முன்னாடி அகலமான திண்ணை. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அதை இடித்தது சரிதான், சுவரில் கை நுழைகிற விரிசல் இருந்தது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று பையன்கள் செத்துப்போன பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. இடித்த இடத்தில் எதைக் கட்டுகிறோம் என்பதுதான் என் பேச்சு.

தண்ணீருக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் போர்வெல் தண்ணீரில் புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது, காய்ச்சினாலும் போகாது. நம் வயசுக்காரர்கள் பல் ஏன் இப்படிக் காவி படிந்து இருக்கிறது என்று வெளியூரில் யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவோமே, அதுதான். இதற்காகத்தான் ஜப்பான் கடன் உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். அந்தக் குழாய் நம் பள்ளி மைதானத்தின் வடக்கு ஓரம் போகிறது. பிளானில் சமையலறையும் கை கழுவும் குழாயும் தெற்கு மூலையில், போருக்குப் பக்கத்தில். ஆற்றுத் தண்ணீர் ஒரு மூலையில், சோறு இன்னொரு மூலையில். சமைக்கிற அக்கா குடம் தூக்குவார், இல்லாவிட்டால் போர் தண்ணீரிலேயே உலை வைப்பார். வேறென்ன செய்வார்? கழிவறைக்குப் போர் தண்ணீர் போதும்தான். ஆனால் அதற்கும் டேங்கிலிருந்து பைப் லைன் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். கட்டம் இருக்கிறது, கோப்பை இருக்கிறது, லைன் இல்லை. "அதெல்லாம் அப்புறம் வரும்மா" என்றார் கிராம சபையில் அந்த அக்காவுக்குப் பதில் சொன்னவர். அப்புறம் என்பது எந்த வருஷம் சார்?

ராம்ப் வைத்திருக்கிறார்களே என்று ஒருவர் கமெண்டில் பெருமையாகப் போட்டிருந்தார். ஒரு அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இங்கே இரண்டடி உயர அடித்தளத்துக்கு ஆறடியில் ஒரு சறுக்குமரம் வரைந்திருக்கிறார்கள். அது சக்கர நாற்காலிக்கு இல்லை, எலெக்‌ஷன் பூத்தாக மாற்றும்போது 'ராம்ப் உண்டு' என்று டிக் அடிக்க.

சரி, இதைப் பேசுவதற்காகக் கமெண்டில் என்னைத் திட்டுகிறவர்களுக்கு வருகிறேன்.

"மரத்தடியில் படிச்ச புள்ளைங்களுக்குக் கட்டடம் வந்ததே பெரிசு." இந்த வாதம் எனக்குப் புரியவே இல்லை. அரசாங்கம் தன் பாக்கெட்டிலிருந்தா கொடுக்கிறது? பேராசிரியர் அன்பழகன் பெயரில் 7,000 கோடி ரூபாய்க்குப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்குக் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம் என்று பணம் ஒதுக்குகிறார்கள். நல்லதுதான், வரவேற்கிறேன். குழந்தை நேயம் என்று பேர் வைத்துவிட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் குழாய் வைக்காதே என்றால் கோபம் வருகிறது.

"மார்ச்சுக்குள்ள முடிக்கலேன்னா நிதி திரும்பிப் போயிடும்." இது நியாயமான பயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்பதற்கு ஒரு சாயங்காலம் போதும். பூமி பூஜைக்கு நல்ல நாள் பார்க்க இதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டீர்கள்.

"கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க." சொல்லட்டுமே. சொன்னால் காது தேய்ந்துவிடுமா?

"எதிர்க்கட்சிக்காரன்." போங்கய்யா.

அடுத்தது, "உன் பையன் ஓசூர்ல பிரைவேட்ல படிக்கிறான், உனக்கு என்ன வந்துச்சு?" இதை எழுதியவர் என்னோடு ஐந்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பேர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். ஆமாம், படிக்கிறான். பிழைப்பு அங்கே, பையனும் அங்கே. அதனால் நான் படித்த பள்ளியைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லையா? நம் ஊரில் பாதி வீட்டு ஆம்பளைகள் பெங்களூரில் சென்ட்ரிங் அடிக்கிறார்கள், கலவை போடுகிறார்கள். ஊரான் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்டுகிற கை எல்லாம் நம் ஊர்க் கைதான்.

அப்படி ஒரு பள்ளியை நானும் கட்டியிருக்கிறேன். சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. கை கழுவும் தொட்டி வைக்கும் நாளில் அந்தப் பள்ளி டீச்சர் ஒருவர் எல்.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் குழந்தையை சைட்டுக்கே கூட்டி வந்தார். ஹெல்மெட் ஒன்று அவள் தலையில் கவிழ்த்தாற்போல் இருந்தது. கையை நீட்டச் சொன்னார், எட்டிய உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். "இங்க" என்றார். நாங்கள் ஏற்கனவே கட்டியிருந்த திட்டை உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டினோம். உடைத்தவர் நம் மாவட்டத்துக்காரர், பென்னாகரம் பக்கம். உடைத்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, "நம்ம புள்ளைங்களுக்கு யாருண்ணா கோடு போடுவாங்க?" என்று கேட்டார். நான் பேசாமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை.

என் அக்கா இதே பள்ளியில்தான் ஏழாவது வரை படித்தாள். கழிவறை என்று ஒரு கட்டடம் இருந்தது, பூட்டு போட்டு. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஏரிக்கரை மேல் நடந்து வீட்டுக்கு வருவாள். வந்தால் திரும்பிப் போக மாட்டாள், வெயிலில் அவ்வளவு தூரம் மறுபடி நடக்க அம்மா விடமாட்டார். அவர்கள் வகுப்பில் கணக்குப் பாடம் மதியத்துக்கு மேல். அவளுக்குக் கணக்கு வரவில்லை, படிப்பு ஏறாது என்று எல்லாருமாக முடிவு செய்து நிறுத்தினார்கள். இன்றைக்கு அவள் மளிகைக் கடையில் மனக்கணக்கு போடுகிற வேகத்துக்கு என் கால்குலேட்டர் வராது. எவனும் வந்து அவளிடம் சாரி சொல்லவில்லை. இப்போது அதே கேள்வியைக் கேட்ட இன்னொருத்தியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரித்ததில் பாதிப் பேர் வீட்டில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதுயுகம் திட்டத்தில் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கிறார்கள், தெரியும்தானே? பயன்படுத்தியதை எங்கே போடுவது என்று பிளானில் தேடிப் பாருங்கள். இதை ஆம்பளை நான் எழுதுகிறேன் என்று ஒருத்தர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். வரைந்தவர்களும் ஆம்பளைகள், ஒட்டியவர்களும் ஆம்பளைகள், சிரித்தவர்களும் பெரும்பாலும் ஆம்பளைகள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு, அதற்குக் கீழே கிரில் கேட். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் எரிந்துபோனார்கள். அங்கே கீற்றுக் கொட்டகை, இங்கே கான்கிரீட் என்பீர்கள். ஏறி இறங்க ஒரே வழி என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஹெச்.எம்.மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

திங்கட்கிழமை கயிறு கட்டி மார்க்கிங் போடப் போகிறார்களாம். கடைக்கால் தோண்டிவிட்டால் அப்புறம் கட்டடத்தைத் திருப்ப முடியாது. கழிவறை லைன், குழாய் உயரம், சமையலறை இடம், கட்டடம் பார்க்கும் திசை, இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி அந்த அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். குழு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். நானும் லீவு சொல்லிவிட்டேன், டேப்போடு வருவேன். இங்கே கமெண்டில் வீரம் பேசுகிறவர்கள் காலை எட்டு மணிக்கு மைதானத்துக்கு வரலாம். வெயிலுக்கு முன்னாடி வந்துவிடுங்கள், நிழல் இருந்த புளியமரத்தையும் வெட்டிவிட்டார்கள்.