சட்டியை மட்டும் குறை சொல்லாதீர்கள்

நான்-ஸ்டிக் சட்டியில் உள்ள ரசாயன ஆபத்து பற்றிய உங்கள் கட்டுரை, சட்டியைத் தூக்கிப் போடச் சொல்லி முடிகிறது. கீறல் விழுந்த சட்டியை மாற்றுங்கள், சரி. ஆனால் பிஎஃப்ஏஎஸ் எனப்படும், எளிதில் சிதையாத இந்த ஃப்ளூரின் ரசாயனங்களால் ஊரே பாதிக்கப்பட்டது குடிதண்ணீர் வழியாகத்தான். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சட்டிகளில் ஒட்டாத பூச்சாகப் பயன்படும் டெஃப்ளானைத் தயாரித்த டூபாண்ட் நிறுவன ஆலையின் கழிவு கலந்த ஓடைத் தண்ணீரைக் குடித்து, வில்பர் டெனன்ட் என்ற விவசாயியின் மாடுகள் பல் கறுத்து, எலும்பும் தோலுமாகிச் செத்தன. அவரே அதை வீடியோ எடுத்து வைத்தார். 1999இல் வழக்குப் போட்டார். பிறகு ஊர்மக்கள் தொடுத்த வழக்கின் பலனாகச் சுமார் 69,000 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு கோளாறு உட்பட ஆறு நோய்களுக்கும், டெஃப்ளான் தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற பிஎஃப்ஏஎஸ் ரசாயனத்துக்கும் தொடர்பிருக்க வாய்ப்பு உண்டு என்று, இதை ஆராய்ந்த அறிவியல் குழு 2012க்குள் சொன்னது. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎஃப்ஓஏவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே அறிவித்துவிட்டது.

இன்னொன்றையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இந்த ரசாயனங்கள் போகாது. இவற்றில் உள்ள கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு அவ்வளவு உறுதியானது. ஆர்ஓ வடிகட்டி பெருமளவு குறைக்கும்; எத்தனை ஏழை வீடுகளில் அது இருக்கிறது? ஆலை வாசலிலேயே தடுப்பதுதான் நியாயம்.